மரச்சட்டம் எவ்ளோ தாங்கும், ஆணி அடிச்ச ஜாயிண்ட் எவ்ளோ தாங்கும்: டெஸ்ட் பண்ற விதம், எளிமையா

ஓட்டு வீடோ, மாட்டுக்கொட்டகையோ, மொட்டை மாடில போடற ஷெட்டோ, மரத்துல கட்டறதுன்னு வந்துட்டா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "என்ன மரம்?" தேக்கா, வேங்கையா, மலேசியா சாலா, நம்ம வேப்பமரமான்னு. கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா ஒரு மரக்கூரை சரிஞ்சு கெடக்கற எடத்துக்குப் போய் உத்துப் பாருங்க, சட்டம் நட்டநடுவுல முறிஞ்சு கெடக்கறத விட, ரெண்டு சட்டம் சேர்ற எடத்துல ஆணி புடுங்கிக்கிட்டோ, ஆணி பக்கத்துல மரம் நீளவாக்குல பொளந்தோ கெடக்கறதுதான் அதிகமா கண்ணுல படும். அதனால மரத்தோட பலம்னா என்ன, ஆணி ஜாயிண்ட்டோட பலம்னா என்ன, ரெண்டையும் லேப்ல எப்படி அளக்கறாங்க, அந்த நம்பர நம்ம எப்படி எடுத்துக்கணும்னு இந்த சப்ஜெக்ட்டே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லப் பாக்கறேன்.

முதல்ல மரத்தோட குணம். விளக்குமாத்து ஈர்க்குச்சிய ஒரு கட்டா இறுக்கிக் கட்டி பசை போட்டு ஒட்டினா எப்படி இருக்குமோ அப்படித்தான் மரத்துக்குள்ள இருக்கு, நார் எல்லாம் நீளவாக்குல ஓடுது, நாருக்கும் நாருக்கும் நடுவுல இருக்கற ஒட்டு அவ்ளோ பலமில்ல. அதனால "இந்த மரத்தோட பலம் எவ்ளோ"ன்னு ஒத்த நம்பர்ல பதில் சொல்லவே முடியாது, எந்தத் திசைல அழுத்தறோம், எந்தத் திசைல இழுக்கறோம்னு கேட்டுட்டுதான் சொல்லணும். காஞ்ச தேக்க நாரோட போக்குலயே ரெண்டு முனைலயும் அழுத்தினா ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டனுக்கு மேல தாங்கும். ஒரு நியூட்டன்னா சுமாரா 100 கிராம் வெயிட்டுன்னு வச்சுக்கோங்க, அப்ப ஒரு கடுகு வைக்கற எடத்துல அஞ்சு கிலோவுக்கு மேல. அதே கட்டைய படுக்க வச்சு நாருக்குக் குறுக்கால அழுத்தினா அதுல ஒரு சின்னப் பங்குலயே நசுங்க ஆரம்பிச்சிரும். நாருக்குக் குறுக்கால இழுக்கறதுதான் இருக்கறதுலயே பலவீனம். வெறகு பொளக்கறவங்க கோடாலிய எந்தப் பக்கம் வைக்கறாங்கன்னு யோசிச்சா இது தன்னால புரியும். ஆணி ஜாயிண்ட் பத்தி பின்னாடி சொல்லப்போறதுல பாதி இந்த ஒரு விஷயத்துலருந்துதான் வருது, அதனால இத மட்டும் மறந்துராதீங்க.

இப்ப லேப். இந்தியாவுல மரத்த டெஸ்ட் பண்றதுக்கு ஐஎஸ் 1708னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு. டேராடூன்ல 1906ல ஆரம்பிச்ச வன ஆராய்ச்சி நிறுவனம், எஃப்ஆர்ஐன்னு சொல்வாங்க, அவங்கதான் நம்ம நாட்டு மரங்கள ஒண்ணொண்ணா ஒடச்சுப் பாத்து டேபிள் போட்டவங்க, தேக்க 100னு வச்சுக்கிட்டு மத்த மரங்கள அதோட ஒப்பிட்டு மார்க் போட்டாங்க, அதனாலதான் இன்னிக்கும் எந்த மரத்தப் பத்திப் பேசினாலும் "தேக்கோட பாத்தா எப்படி"ன்னு கேக்கற பழக்கம் இன்ஜினியர்கிட்டயும் இருக்கு. ஸ்டாண்டர்ட் கேக்கற துண்டு ரொம்பச் சின்னது. வளைச்சு ஒடைக்கற டெஸ்ட்டுக்கு 20க்கு 20 மில்லிமீட்டர் கனத்துல 300 மில்லிமீட்டர் நீளம், இல்லன்னா 50க்கு 50ல 750 நீளம். துண்டுல கணு இருக்கக் கூடாது, வெடிப்பு இருக்கக் கூடாது, நார் நேரா ஓடணும். மரத்துல இருக்கறதுலயே சுத்தமான பாகத்தத் தேடி எடுத்து ஒடைக்கறாங்க, இத மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல இதுக்குத் திரும்ப வரணும்.

சின்ன சைஸ் துண்ட 280 மில்லிமீட்டர் இடைவெளில ரெண்டு தாங்கி மேல வச்சு, நட்டநடுவுல மேலருந்து மெதுவா அழுத்துவாங்க, நிமிஷத்துக்கு 1 மில்லிமீட்டர் வேகம்தான், பாத்துட்டு இருந்தா மிஷின் ஓடுதான்னே சந்தேகம் வரும். லோடு ஏற ஏற எவ்ளோ வளையுதுன்னு குறிச்சுக்கிட்டே போவாங்க. கொஞ்ச தூரம் வரைக்கும் லோடும் வளைவும் ஒரே கணக்குல ஏறும், கிராஃப்ல நேர்கோடு, அந்தக் கோட்டோட சாய்வுதான் மரத்தோட விறைப்பு. அப்புறம் கோடு வளைய ஆரம்பிக்கும், மேல்பக்கம் நார் நசுங்குது, சின்னதா டிக் டிக்குன்னு சத்தம் வரும், கடைசில அடிப்பக்கம் நார் சிம்பு சிம்பாக் கிழிஞ்சு படார்னு போயிரும். நல்ல தேக்குத் துண்டு ஒண்ணு 1800 நியூட்டன்ல, அதாவது சுமார் 180 கிலோல ஒடையுதுன்னு வைங்க. கணக்கு இதுதான்: லோட இடைவெளியால பெருக்கி, அத மூணால பெருக்கி, கீழ 2, அகலம், கனத்தோட வர்க்கம் இந்த மூணையும் பெருக்கி வர்றதால வகுக்கணும். 3 பெருக்கல் 1800 பெருக்கல் 280, வகுத்தல் 2 பெருக்கல் 20 பெருக்கல் 400. வர்றது 94.5. அப்ப அந்தத் துண்டோட வளைவு பலம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 95 நியூட்டன்.

ஒடைச்ச உடனே அந்தத் துண்டுலருந்து ஒரு சின்ன பீஸ் அறுத்து எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ்ல ஓவன்ல வச்சு, எடை மேற்கொண்டு கொறையாத வரைக்கும் காய வச்சு மறுபடி எடை போடுவாங்க. முன்னாடி 56 கிராம், காஞ்சப்புறம் 50 கிராம்னா, போன 6 கிராம் தண்ணி, அத 50ஆல வகுத்தா 12 சதவீதம் ஈரம். இது எதுக்குன்னா ஈரம் தெரியாத பலத்துக்கு அர்த்தமே கெடயாது. பச்ச மரத்துல ஈரம் 25-30 சதவீதத்துக்கு மேல இருக்கற வரைக்கும் பலம் மாறாது, அதுக்குக் கீழ காய ஆரம்பிச்சா ஒவ்வொரு சதவீதம் ஈரம் கொறையும்போதும் வளைவு பலம் சுமார் 4 சதவீதம் ஏறும். அதனாலதான் டேபிள்ல எல்லாம் 12 சதவீத ஈரத்துக்கு மாத்தித்தான் நம்பர் போடுவாங்க. ஒருத்தர் பச்ச மரத்தையும் இன்னொருத்தர் காஞ்ச மரத்தையும் டெஸ்ட் பண்ணிட்டு எது பலம்னு சண்ட போட்டா அந்தச் சண்டைல ரெண்டு பேருமே தோத்துருவாங்க.

சரி, 95 கெடச்சிருச்சு, இத வச்சு வீட்டு விட்டத்துக்கு கணக்கு போடலாமான்னா கூடவே கூடாது. மரக்கட்டட டிசைனுக்கான ஐஎஸ் 883ல மரங்கள ஏ, பி, சின்னு மூணு குரூப்பா பிரிச்சிருக்காங்க, கட்டடத்துக்குள்ள மழ படாத எடத்துல போடற முதல் கிரேடு மரத்துக்கு வளைவுல அனுமதிக்கற அழுத்தம் ஏ குரூப்புக்கு கொறஞ்சது சதுர மில்லிமீட்டருக்கு 18 நியூட்டன், பிக்கு 12, சிக்கு 8.5. தேக்கு பி குரூப்பு. 95 எங்க, 12 எங்க? புதுசா பாக்கறவங்களுக்கு இது அநியாயமா தெரியும், நல்ல மரத்த ஏன் இப்படி மட்டம் தட்டறாங்கன்னு. ஆனா காரணம் ஒவ்வொண்ணும் நியாயமானது.

ஒண்ணு, நம்ம ஒடைச்சது ஒரு துண்டு. அதே காட்டுல பக்கத்து மரம், ஏன் அதே மரத்துல நுனிப்பக்கம் அறுத்த துண்டு கூட, வேற நம்பர் கொடுக்கும். சராசரிய நம்பிக் கட்டினா பாதிச் சட்டம் சராசரிக்குக் கீழதான் இருக்கும், அதனால கணக்குக்கு எடுக்கறது நோஞ்சான் துண்டத்தான். இன்னொண்ணு, லேப்ல லோடு நின்னது சில நிமிஷம், வீட்டுல நிக்கப்போறது வருஷக்கணக்குல. மரம் தொடர்ந்து சுமந்தா சோர்ந்து போகும். அமெரிக்காவுல மேடிசன்ல இருக்கற வனப்பொருள் ஆய்வகத்துல 1951ல இத கணக்காவே வெளியிட்டாங்க, சில நிமிஷ டெஸ்ட்ல தாங்கற லோடுல சுமார் 62 சதவீதத்தத்தான் பத்து வருஷம் தொடர்ந்து தாங்கும்னு. அப்புறம் கணு, சாய்ஞ்ச ரேகை. சட்டத்தோட நீளத்துக்கு நேரா நார் ஓடாம 10க்கு 1ன்னு சாய்ஞ்சு ஓடினாலே வளைவு பலம் நூத்துக்கு 81ஆ எறங்கிரும், 5க்கு 1ன்னு சாய்ஞ்சா 55தான். லேப் துண்டுல இதெல்லாம் இல்லாமப் பாத்து எடுத்தோம்ல, சைட்டுக்கு வர்ற சட்டத்துல எல்லாமே இருக்கும்.

இந்தப் பிரச்சன புதுசில்ல. 1740கள் பக்கம் பிரான்ஸ்ல பஃபோன்ங்கற விஞ்ஞானி கப்பலுக்கும் கட்டடத்துக்கும் வேணும்னு ஓக் மரத்த ஏராளமா ஒடைச்சுப் பாத்தார், முதல்ல சின்னத் துண்டுகள்தான், அப்புறம் சின்னத்துல கெடச்ச கணக்கு பெரிய உத்திரத்துக்குச் சரிவரலன்னு தெரிஞ்சு முழு சைஸ் உத்திரங்களையே வெயிட் ஏத்தி முறிச்சார். முன்னூறு வருஷம் ஆகப்போகுது, இன்னிக்கும் முழு சைஸ் சட்டத்த டெஸ்ட் பண்றதுக்குன்னு தனியா ஸ்டாண்டர்ட் இருக்கறது அதே காரணத்துக்காகத்தான்.

இனி ஆணி. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான், பலபேரு லேசா தாண்டிப் போற பகுதியும் இதுதான். ஆணிமேல லோடு ரெண்டு விதமா வரும். ஆணிய அது அடிச்ச வழியிலயே வெளிய புடுங்கப் பாக்கறது ஒண்ணு. ஆணிக்குக் குறுக்கால, ரெண்டு சட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி நகரப் பாக்கறது இன்னொண்ணு. ஒரே ஆணி, ஒரே மரம், ஆனா இந்த ரெண்டுலயும் நடந்துக்கற விதம் வேற வேற.

புடுங்கற டெஸ்ட் எளிமையானது. 50க்கு 50ல 150 மில்லிமீட்டர் நீளக் கட்டை, 50 மில்லிமீட்டர் நீளம் 2.5 மில்லிமீட்டர் விட்டத்துல ஆணி, அத 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அடிச்சு, தலையப் புடிச்சு மிஷின்ல இழுப்பாங்க, எவ்ளோ லோடுல வெளிய வருதுன்னு குறிச்சுக்குவாங்க. கட்டையோட பக்கவாட்டு முகத்துல அடிச்சும் பாப்பாங்க, அறுபட்ட முனைல, அதாவது நார் முடியற முகத்துல அடிச்சும் பாப்பாங்க. முனைல அடிச்ச ஆணி நாருக்கு நடுவுல நாரோடயே ஒத்துப் போய் நிக்குது, அத கவ்விப் புடிக்க குறுக்க எதுவும் இல்ல, அதனால பிடிமானம் கம்மி. சட்டத்தோட முனைல ஆணி அடிச்சுட்டு அது இழுவையத் தாங்கும்னு நம்பக் கூடாதுன்னு ஆசாரிங்க சொல்றதும், ஸ்டாண்டர்ட் சொல்றதும் ஒண்ணேதான். பச்ச மரத்துல அடிச்ச ஆணி இன்னும் மோசம், அடிக்கும்போது கிண்ணுன்னு இருக்கும், மரம் காயக் காய ஆணியச் சுத்தி இருந்த அழுத்தம் தளர்ந்து பிடிமானத்துல பெரும்பகுதி போயிரும். பந்தல் போட்டு ஆறு மாசம் கழிச்சு ஆணித்தல வெளிய எட்டிப் பாக்குதேன்னு நெனப்பீங்கல்ல, அது இந்த வேலதான்.

குறுக்கு லோடு டெஸ்ட்டுக்கு மூணு துண்டு எடுப்பாங்க, நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, பக்கத்துத் துண்டுலருந்து நடுத்துண்டுக்கு ஆணி அடிச்சு, நடுத்துண்டு மட்டும் கொஞ்சம் மேல தூக்கி இருக்கற மாதிரி நிக்க வைப்பாங்க. நடுத்துண்டு தலையில லோடு ஏத்தினா அது ரெண்டுக்கும் நடுவுல கீழ எறங்கப் பாக்கும், அந்த எறக்கத்த டயல் கேஜ் வச்சு அளக்கணும், இதுக்கு ஸ்லிப்னு பேரு. உலக அளவுல பின்பற்றற முறைல, ஜாயிண்ட் எவ்ளோ தாங்கும்னு முதல்ல ஒரு உத்தேசம் போட்டுக்கிட்டு, அதுல 40 சதவீதம் வரைக்கும் ஏத்தி 30 செகண்ட் நிறுத்தி, 10 சதவீதத்துக்கு எறக்கி மறுபடி 30 செகண்ட் நிறுத்தி, அதுக்கப்புறம்தான் கடைசி வரைக்கும் ஏத்துவாங்க. துண்டுகளுக்கு நடுவுல இருக்கற சந்து, ஆணி முதல்ல உக்காந்து செட்டாகறது, அதெல்லாம் முதல் ரவுண்டுலயே போயிரணும், அப்பதான் ரெண்டாவது ரவுண்டுல வர்ற விறைப்பு நெசமான விறைப்பு. ஜாயிண்ட் ஒடையலன்னாலும் ஸ்லிப் 15 மில்லிமீட்டர் வந்துட்டா டெஸ்ட்ட முடிச்சிருவாங்க, அவ்ளோ நகர்ந்தப்புறம் கட்டடத்துல அதுக்கு மதிப்பில்ல.

டெஸ்ட் முடிஞ்சதும் அந்த ஜாயிண்ட்ட உளி வச்சு நீளவாக்குல பொளந்து பாக்கணும், இத தவற விடவே கூடாது. நேரா அடிச்ச ஆணி உள்ள வளைஞ்சு நெளிஞ்சு கெடக்கும். ஆணி அழுத்தின பக்கம் மரம் நசுங்கி, ஓட்டை வட்டமா இல்லாம நீள்வட்டமா ஆகியிருக்கும், ரெண்டு துண்டும் சேர்ற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆணி கொஞ்சம் உள்ள தள்ளி மடங்கியிருக்கும். டென்மார்க்ல ஜோஹான்சன்ங்கற இன்ஜினியர் 1949ல இதத்தான் சமன்பாடா எழுதினார். மரம் எவ்ளோ அழுத்தத்துல நசுங்கும், ஆணி எவ்ளோ வளைப்புல மடங்கும், மரத்துண்டோட கனம் எவ்ளோ, இந்த மூணும் தெரிஞ்சா ஒரு ஆணி குறுக்கால எவ்ளோ தாங்கும்னு கணக்குலயே சொல்லிரலாம். கனம் கம்மியா இருந்தா ஆணி மடங்காம மரம் மட்டும் நசுங்கும், கனம் கூடினா ஆணி ஒரு எடத்துல மடங்கும், இன்னும் கூடினா ரெண்டு எடத்துல மடங்கும். ஐரோப்பால இன்னிக்கு மர ஜாயிண்ட் டிசைன் முழுக்க இந்த யோசனை மேலதான் நிக்குது.

ஆணி மடங்கறது நல்ல விஷயம்னு சொன்னா ஆச்சரியமா இருக்கும். மடங்கற ஜாயிண்ட் மெதுவா நகரும், லோட்ட விட்டுராம நகரும், கிராஃப்ல அது மேல ஏறி அப்படியே ஒரு மேடா நீண்டு போகும். கூரை தொங்கறது கண்ணுக்குத் தெரியும், கதவு இடிக்கும், ஓடு வரிசை கலையும், ஆள் வெளிய வர டைம் கெடைக்கும். மரம் பொளக்கற ஜாயிண்ட்டுக்கு அந்த மேடே கெடயாது, ஏறிக்கிட்டு இருந்த கோடு பொசுக்குன்னு கீழ விழும். ஒரே அளவு லோடு தாங்கின ரெண்டு ஜாயிண்ட்ல கூட நான் மடங்கறதத்தான் எடுப்பேன், ஏன், கொஞ்சம் கம்மியாத் தாங்கினாலும் அதத்தான் எடுப்பேன். வெறும் உச்ச லோட மட்டும் ரிப்போர்ட்ல எழுதிட்டு எப்படிப் போச்சுன்னு எழுதாம விடறது பாதி டெஸ்ட்டுதான்.

ஆணி ஜாயிண்ட்டுக்கு நம்ம நாட்டுல இருக்கற ஐஎஸ் 2366ல சொல்ற அளவு எல்லாம் மனப்பாடம் பண்ற விதி மாதிரி தெரியும், ஆனா மரம் பொளக்கறதுக்கு முன்னாடி ஆணி மடங்கணும்ங்கற ஒரே ஆசைதான் அதுல பலதுக்கும் பின்னாடி இருக்கு. சேர்க்கற துண்டுகள்ல மெல்லிசா இருக்கறதோட கனத்துல 11ல ஒரு பங்குலருந்து 6ல ஒரு பங்குக்குள்ள ஆணி விட்டம் இருக்கணும்ங்குது. 25 மில்லிமீட்டர் பலகைன்னா சுமார் 2.3லருந்து 4.2 மில்லிமீட்டர் ஆணி. அதுக்கு மேல தடியா அடிச்சா ஆணி ஆப்பு மாதிரி வேல செஞ்சு நார ஒதுக்கிப் பொளந்துரும், "தடி ஆணி போட்டா பலம்"ங்கற நெனப்பு இங்கதான் தப்பாப் போகுது. சட்டத்தோட முனைலருந்து ஆணி விட்டத்தப் போல பத்துப் பன்னெண்டு மடங்கு உள்ள தள்ளி அடிக்கணும், 4 மில்லிமீட்டர் ஆணின்னா கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். வைரம் பாஞ்ச மரம்னா முதல்ல டிரில் போட்டுக்கணும், ஓட்டை ஆணி விட்டத்துல 80 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, போனா பிடிமானம் போயிரும். சட்டங்கள் கூடற முடிச்சுல கொறஞ்சது ரெண்டு ஆணி, நீளத்துக்கு ஒட்டுப் போடற எடத்துல கொறஞ்சது நாலு. நாலு ஆணியும் ஒரே ரேகைல வரிசையா வராம கொஞ்சம் ஏறுமாறா அடிக்கறது ஆசாரிங்க கைப்பழக்கம், ஒரே நார்ல திரும்பத் திரும்ப ஆப்பு வைக்காம இருக்கத்தான் அது. ஆணி எண்ணிக்கைய டபுள் பண்ணா பலம் டபுள் ஆயிரும்னும் நெனைக்காதீங்க, நீள வரிசைல எல்லா ஆணியும் சமமா சுமக்காது.

காத்து விஷயத்துல மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும். சாதாரண நாள்ல கூரையோட வெயிட் கீழ அழுத்துது, ரீப்பர் மேல ஆணி இருந்தாலும் இல்லன்னாலும் தகரம் அங்கயே உக்காந்திருக்கும். புயல்ல காத்து கூரைய மேல உறிஞ்சித் தூக்கும், அப்ப ஆணிமேல வர்றது முழுக்க புடுங்கற லோடு, அதாவது ஆணிக்கு எது பலவீனமோ அது. 2018 நவம்பர்ல கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கூரைகள எப்படிப் பறக்க விட்டுச்சுன்னு நம்ம எல்லாருமே பாத்தோம். 1992ல ஃபுளோரிடால ஆண்ட்ரூ புயல் முடிஞ்சு விழுந்த வீடுகள ஆராய்ஞ்சப்ப, கூரைப்பலகைல அடிச்ச ஆணியும் ஸ்டேப்பிளும் பல எடத்துல கீழ இருக்கற கைமரத்துலயே படாம பக்கத்துல காத்துல எறங்கியிருந்தது தெரிஞ்சுது, மேலருந்து பாத்தா வரிசையா அழகா அடிச்ச மாதிரிதான் இருந்திருக்கும். கடலோர ஊர்ல கட்டறவங்க குறுக்கு லோடு நம்பர மட்டும் பாத்துட்டு திருப்திப்பட்டுறாதீங்க. வழுவழு ஆணிக்குப் பதிலா வளையம் வளையமா வரி போட்ட ஆணியோ ஸ்க்ரூவோ போடுங்க, முக்கியமான எடத்துல கைமரத்தயும் சுவர்மேல் சட்டத்தயும் இரும்புப் பட்டையால சுத்திக் கட்டுங்க, பட்டைல அடிக்கற ஆணி புடுங்கற லோட குறுக்கு லோடா மாத்தி வாங்கிக்கும்.

மிஷின் இல்லாமலே சட்டத்துல சிலத கண்டுபிடிக்கலாம். ரேகை சாய்வு கண்ணுக்குத் தெரியலன்னா பேனா இங்க் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, அது நார் போற வழியிலயே நீளமா ஓடும், சட்டத்தோட ஓரத்துக்கு இணையா ஓடுதா, ஓரத்த நோக்கி ஓடுதான்னு பாத்தாப் போதும். காஞ்ச மரத்துல இருக்கற மெல்லிய வெடிப்பும் அதே வழியத்தான் காட்டும். கணு இருந்தா அது சட்டத்தோட அடிப்பக்க ஓரத்துல, நடு நீளத்துல வராத மாதிரி திருப்பிப் போடுங்க, அடிப்பக்கம்தான் இழுபடற பக்கம். ஈரம் பாக்கற சின்ன மீட்டர் இப்ப ஆன்லைன்லயே கெடைக்குது, வண்டிலருந்து மரத்த எறக்கும்போதே நாலஞ்சு சட்டத்துல குத்திப் பாத்துரலாம்.

நெசமாவே டெஸ்ட் ரிப்போர்ட் வேணும்னா டேராடூன் எஃப்ஆர்ஐ இருக்கு, நமக்குப் பக்கத்துல பெங்களூரு மல்லேஸ்வரத்துல மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு. மரத்த அழுத்திப் பாக்கற டெஸ்ட், வளைச்சுப் பாக்கற டெஸ்ட் ரெண்டுக்கும் நம்மூர் இன்ஜினியரிங் காலேஜ் சிவில் லேப்ல இருக்கற யூடிஎம் மிஷினே, அதாவது எதையும் இழுத்தும் அழுத்தியும் பாக்கற டெஸ்டிங் மிஷினே, போதும், பலரும் கேட்டுப் பாக்கறதில்ல. எங்க கொடுத்தாலும் ஒரே சட்டத்துலருந்து அறுத்த அஞ்சு துண்டக் கொடுக்காம, வந்து எறங்கின மரத்துல கலந்து கெடக்கற வேற வேற சட்டத்துலருந்து ஒவ்வொரு துண்டா அறுத்துக் கொடுங்க. ஆணி ஜாயிண்ட்டுக்கு, சைட்ல அடிக்கப்போற அதே ஆணி, அதே மரம், அதே ஆசாரி கையால அடிச்சு செஞ்ச சாம்பிளா இருக்கட்டும். ரிப்போர்ட் வந்ததும் ஈரம் எவ்ளோன்னு எழுதியிருக்கா, எப்படி ஒடைஞ்சுதுன்னு எழுதியிருக்கா, இந்த ரெண்டையும் முதல்ல தேடுங்க, இல்லன்னா திருப்பிக் கேட்டு வாங்குங்க.